காகிதத்துக்குக் கெடு உண்டு, பணிமனைக்கு இல்லை: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

நகல்: திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மோட்டார் கிளெய்ம்களில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்களுக்கும், கேஷ்லெஸ் வசதி (பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேராகப் பணிமனைக்குக் கட்டும் முறை) உள்ள பணிமனைகளின் உரிமையாளர்களுக்கும்.

ஐயா,

வணக்கம். விபத்தில் அடிபட்ட காரைக் காப்பீட்டுப் பணத்தில் பழுதுபார்க்கும்போது, உங்கள் ஆணையம் வகுத்துத் தந்த கால வரையறைகள் எல்லாம் பணிமனையின் வாசலோடு நின்றுவிடுகின்றன என்பதையும், அந்த வாசலுக்கு உள்ளே ஏற்படும் தாமதத்துக்கும் அங்கே செய்யப்படும் வேலையின் தரத்துக்கும் இன்றைய நிலையில் யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதையும் எடுத்துச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து கொடுக்கும் தொழில் செய்பவன். களக்காட்டிலிருந்து வரும் வாழைத்தார் வியாபாரியும், திசையன்விளையில் கடை வைத்திருப்பவரும் ஜிஎஸ்டி பில்களோடு கார் எஸ்டிமேட்டையும் என் மேசையில் வைத்து, "இதுல கம்பெனி எவ்வளவு கொடுப்பான், நம்ம கையில இருந்து எவ்வளவு போகும், கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி" என்று கேட்பது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. ஆகவே இங்கே எழுதுவதில் என் சொந்த வண்டியின் கதை ஒரு பங்குதான். மீதி, அந்த மேசைக்கு வந்த காகிதங்களில் படித்தது.

2024-ஆம் ஆண்டு ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைகள் பாலிசிதாரருக்கு நன்மை செய்தவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோரிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், நியமித்த 15 நாள்களுக்குள் அவருடைய அறிக்கையைப் பெற வேண்டும், அறிக்கை கைக்கு வந்த 7 நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும், ஆவணம் போதவில்லை என்று காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்றெல்லாம் அவற்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். காசோலையை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு இந்தக் கெடுக்கள் போதும். கேஷ்லெஸ் முறையில் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கோ, நிறுவனம் ஒப்புதல் கடிதம் அனுப்பிய நாளில்தான் உண்மையான காத்திருப்பே தொடங்குகிறது. ஏட்டின்படி அவருடைய கோரிக்கை முடிவு செய்யப்பட்டுவிட்டது. அவருடைய வண்டி மட்டும் பானெட் கழற்றிய நிலையில், ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒயர்கள் தொங்க, பணிமனையின் பின்கட்டில் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் அது எத்தனை நாள் நிற்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி நான் பார்க்கவில்லை.

நாங்குநேரிக்கு அருகே நான்குவழிச் சாலையில், பக்கத்து வரிசையில் வந்த லாரி சட்டென்று ஒதுங்கியதில் என் காரின் இடப்பக்க முன்பகுதி நசுங்கியது. யாருக்கும் காயம் இல்லை. ஆனித் தேரோட்டம் முடிந்த மறு வாரத்தில் வண்டியைப் பணிமனையில் விட்டோம். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போவதற்குள் வந்துவிடும் என்று நம்பிக்கையோடு இருந்தோம். வாடகை வண்டியில்தான் போய் வந்தோம். ஆவணி பிறந்த பிறகே சொந்த வண்டி வீட்டுக்கு வந்தது. இந்த இடைவெளியில் வண்டியின் மேல் உண்மையாக வேலை நடந்த நாள்கள் மிகக் குறைவு என்பதைப் பணிமனையின் வேலைப் பதிவுத் தாளான ஜாப் கார்டே காட்டிற்று. மீதி நாள்கள் எங்கே போயின என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் மேசைக்கு வந்த ஏறக்குறைய எல்லாக் காகிதங்களிலும் நாள்கள் தொலைந்த இடங்கள் இவையேதான்.

வண்டி உள்ளே போனதும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் சேதத்தை மட்டும் வைத்து ஓர் எஸ்டிமேட் போடுகிறார்கள். சர்வேயர் வந்தோ, கைபேசியில் அனுப்பிய படங்களைப் பார்த்தோ அதற்கு ஒப்புதல் தருகிறார். பிறகு பம்பரைக் கழற்றினால், அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் விலகியிருக்கிறது, விளக்கைப் பிடிக்கும் காது முறிந்திருக்கிறது என்பவை அப்போதுதான் தெரியவருகின்றன. இரண்டாவது எஸ்டிமேட் போகிறது. அதற்கு மறுபடியும் ஒப்புதல் வர வேண்டும். ஆனால் 24 மணி நேரம், 15 நாள் என்ற கணக்கெல்லாம் முதல் கோரிக்கையோடு முடிந்துவிட்டதால், இந்த இரண்டாம் ஒப்புதலுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஒப்புதல் வராமல் உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டால், வராமல் போன தொகை தன் தலையில் விழும் என்று பணிமனை காத்திருக்கிறது. ஆர்டர் போட்ட பிறகு பாகங்கள் ஒரே நாளில் வருவதில்லை. ஃபென்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வந்தால் ஹெட்லைட் வராது, ஹெட்லைட் வந்தால் இரண்டு ரூபாய் கிளிப் வராது. எல்லாம் வந்து சேர்ந்தால் பெயிண்ட் பூத்தில் வரிசை. பணிமனையைக் கேட்டால், "சர்வேயர் சார் அப்ரூவல் இன்னும் வரல சார்" என்கிறார்கள். நிறுவனத்தின் அழைப்பு மையத்தைக் கேட்டால், "ஒர்க்‌ஷாப்ல இருந்து போட்டோ வரணும் சார்" என்கிறார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்களா என்று சரிபார்க்கப் பாலிசிதாரரின் கையில் தேதியிட்ட காகிதம் ஒன்றுகூட இருப்பதில்லை.

கழற்றிப் பார்க்காமலேயே முதல் மதிப்பீட்டைச் செய்யும் பழக்கம்தான் இந்தத் தாமதத்தின் வேர் என்பது என் முடிவு. முன்பகுதியில் அடிபட்ட வண்டியில், பம்பரைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகே சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் இரண்டாம் ஒப்புதலுக்கான தேவை பெரும்பாலும் எழாது. இதற்குப் பணம் செலவில்லை. பணிமனையில் ஓர் ஆளுக்கு அரை நாள் வேலை.

இனித் தரத்துக்கு வருகிறேன். என் வண்டி திரும்பி வந்தபோது பணிமனையின் கூரைக்குக் கீழே பார்க்கப் புதுக் கருக்கோடு இருந்தது. வெள்ளி நிறம் அது. நிழலில் ஒரே நிறமாகத் தெரிந்த கதவும் ஃபென்டரும், பாளையங்கோட்டை வெயிலில் நிறுத்திய பிறகு இரண்டு வெவ்வேறு வண்டிகளிலிருந்து எடுத்து மாட்டியவை போலத் தெரிந்தன. பானெட்டுக்கும் வலப்பக்க ஃபென்டருக்கும் இடையே ஒரு நாணயத்தின் கனத்துக்கு இருந்த இடைவெளி, இடப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தபோது, கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் அது பிடிக்காமல் வழுக்கி விழுந்தது. நசுங்கிய தகட்டை முறையாக வெளியே இழுக்காமல், பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். தொழிற்சாலையில் அடித்து வரும் பெயிண்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். பட்டி கனமாக வைத்த இடத்தில் காந்தம் இரும்பை எட்டுவதில்லை. முறிந்த ஹெட்லைட் காதுக்குப் பசை போட்டு, பிளாஸ்டிக் டை ஒன்றால் இறுக்கிக் கட்டியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. வண்டி நேர்ச்சாலையில் இடப்பக்கமாக இழுத்தது.

இவற்றில் எதையும் வண்டியை எடுக்கும்போது சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே சாவியைத் தருகிறார்கள். வெயிலில் நிறுத்திப் பார்க்கவும், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவும் அதற்கு முன்பு வழியில்லை. இழப்பீட்டுத் தொகைக்கான இத்தகைய ஒப்புகைத் தாள்களில் கையெழுத்திட்டதாலேயே பாலிசிதாரரின் உரிமை பறிபோகாது என்று ஆணையமே 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்த நியாயம் பணிமனையின் திருப்திச் சான்றுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் சொன்னால் போதும். அந்தத் தாளின் மிரட்டல் பாதியாகக் குறையும்.

நிற வேறுபாடு கண்ணுக்கு உறுத்தல்தான், உயிருக்குக் கேடில்லை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் அப்படிப்பட்டதாகாது. இன்றைய காரின் முன்பகுதி, மோதும்போது தான் நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளவும், உள்ளே இருப்பவர்களின் அறை சிதையாமல் நிற்கவும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வளைந்த சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்தினால் அதன் உறுதி முன்போல் இருக்காது. ஒருமுறை இயங்கிவிட்ட சீட் பெல்ட் இறுக்கியும் ஏர்பேக்கும் மறுபடி உதவா; மாற்றியே ஆக வேண்டும். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் என்கேப் திட்டத்தில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தருகிறார்கள். அந்த நட்சத்திரத்தை நம்பி வாங்கிய வண்டி, ஒரு விபத்துக்குப் பிறகு பழுதுபார்க்கப்பட்டு வெளியே வரும்போது பழைய உறுதியில் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை. சர்வேயரின் வேலை இழப்பின் பணமதிப்பைக் கணிப்பது; வேலை முடிந்த பின் சில வண்டிகளை அவர் மறுபடி பார்ப்பதும் பில்லில் உள்ள பாகம் மாட்டப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்வதற்கே. சக்கர நேர்த்தி (வீல் அலைன்மென்ட்) அளவுத்தாளையோ, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படித்த தாளையோ அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

பணக் கணக்கு என் தொழில் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளில் வகுத்த தேய்மான அட்டவணையையே (பாகம் பழையதானதற்காக இழப்பீட்டில் எவ்வளவு கழிப்பது என்ற கணக்கு) இன்றும் பெரும்பாலான பாலிசிகளில் காண்கிறோம். அதன்படி பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வண்டியின் வயது என்னவாக இருந்தாலும் 50 சதவீதம் கழிவு; இரும்புப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் கழிவில்லை, பிறகு 5 சதவீதத்தில் தொடங்கி, பத்து ஆண்டுகளைத் தாண்டினால் 50 சதவீதம்; கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. இந்த அட்டவணை எழுதப்பட்ட காலத்தில் வண்டியின் முன்பகுதியில் இரும்பு மிகுதி. இப்போது பம்பர், கிரில், விளக்கின் கூடு எல்லாம் பிளாஸ்டிக். எட்டாயிரம் ரூபாய் பம்பர் என்றால் நாலாயிரம் உரிமையாளர் கையிலிருந்து போகிறது. இதைத் தவிர்க்கத்தான் பலரும் கூடுதல் பிரீமியம் கட்டி, பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர் என்று சொல்லும் தேய்மானமில்லாப் பாலிசியை எடுக்கிறார்கள். எடுத்தவருக்கு என்ன நடக்கிறது என்றால், பாகத்தை மாற்றுவதற்குப் பதிலாகப் பழுதுபார்க்க மட்டும் ஒப்புதல் வருகிறது. மாற்றினால்தானே தேய்மானம் என்ற பேச்சே வரும்? ஒட்டியும் உருக்கியும் சரிசெய்த பம்பருக்கு அவர் கட்டிய கூடுதல் பிரீமியம் எந்தப் பயனும் தரவில்லை. போதாக்குறைக்கு, கோரிக்கை வைத்ததால் ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து 50 சதவீதம் வரை வந்திருந்த நோ கிளெய்ம் போனஸும் (கோரிக்கை வைக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடுகிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது, எதைப் பழுதுபார்ப்பது என்ற முடிவுக்கான காரணத்தைப் பாலிசிதாரருக்கு எழுத்தில் தர வேண்டிய கட்டாயம் இல்லாதவரை இது மாறப் போவதில்லை.

பணிமனைகளை மட்டும் குற்றம் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரிகள் தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் இருக்கிறார்கள். சுத்தியலின் ஓசையைக் கேட்டே தகடு எங்கே இழுத்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். பள்ளத்தை முறையாக வெளியே எடுக்க ஆகும் நேரத்துக்கும், பட்டி வைத்து மூட ஆகும் நேரத்துக்கும் பல மடங்கு வேறுபாடு உண்டு. நிறுவனங்களோ ஒரு பேனலுக்கு இவ்வளவு என்று கூலியை முன்கூட்டியே பேசி முடித்து, உதிரிபாகத்திலும் தள்ளுபடி கேட்கின்றன. கேஷ்லெஸ் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட்டால் வாடிக்கையே போய்விடும் என்ற அச்சத்தில் பணிமனை அதற்கு ஒத்துக்கொள்கிறது. குறைந்த கூலியில் நட்டம் வராமல் இருக்க வேலையைக் குறைக்கிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டங்களிலும் ஓடித் திரியும் சர்வேயரின் பாடும் எளிதானதாக இல்லை. காலையில் வள்ளியூர், மாலையில் சங்கரன்கோவில் என்று அலைபவர் ஒரு வண்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பிரீமியம் கட்டியவர் நாங்களாக இருந்தும், பணிமனைக்கு வாடிக்கையாளர் நிறுவனம்தான். பணம் கொடுப்பவருக்கு வேலை மலிவாக முடிய வேண்டும். அந்த வேலையின் மேல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது.

ஆகவே ஆணையத்திடம் நான் கேட்பவை இவை. ஒப்புதல் கடிதத்திலேயே வேலை முடியும் தேதியைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் ஆர்டர் போட்ட தேதி பாலிசிதாரரின் கைபேசிக்குச் செய்தியாக வர வேண்டும். இரண்டாம் எஸ்டிமேட்டுக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். குறித்த தேதி தாண்டினால், மாற்று வண்டிக்கான கூடுதல் பாலிசி எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும், பட்டியலிலுள்ள பணிமனையின் தாமதத்துக்கு நிறுவனமே நாள் வாடகை தர வேண்டும். தன் பட்டியலைக் காட்டி "இங்கே விடுங்கள்" என்று அனுப்புகிற நிறுவனம், வேலை கெட்டால் அது பணிமனைக்கும் உங்களுக்கும் இடையிலான விவகாரம் என்று கைகழுவுவதை அனுமதிக்கக் கூடாது. பழுதுபார்த்த வேலைக்கான உத்தரவாதத்தை நிறுவனத்தின் பெயரிலேயே எழுதித் தர வேண்டும். மாற்றிய பாகம் எது, பழுதுபார்த்த பாகம் எது, ஏன் என்ற விவரத்தைத் தமிழில் ஒரு பக்கத் தாளாகக் கொடுத்து, கழற்றிய பழைய பாகங்களையும் வண்டியை எடுக்கும் முன் கண்ணில் காட்ட வேண்டும். முன்பகுதியிலோ அடிச்சட்டத்திலோ அடிபட்ட வண்டிகளுக்குச் சக்கர நேர்த்தி அளவுத்தாளும் கோளாறுக் குறியீட்டுத் தாளும் பில்லோடு இணைக்கப்பட்டால் ஒழிய நிறுவனம் பணிமனைக்குப் பணம் விடுவிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டுமாவது முதலில் கொண்டுவாருங்கள். பணத்தை நிறுத்தி வைக்கும் விதி ஒன்றுதான் பணிமனைக்குள் உடனே போய்ச் சேரும்.

புகார் சொல்ல வழிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஆணையத்தின் இணையப் புகார்த் தளமான பீமா பரோசா இருக்கிறது. அதில் பதிவு செய்தால் நிறுவனத்தின் பதில் வருகிறது, பெரும்பாலும் பணிமனை சொன்னதையே அது திருப்பிச் சொல்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்கக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையில் இருக்கிறார். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காணொளி வழியாகவும் அவர் விசாரிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இவை எல்லாம் தொகை குறைந்தது, கோரிக்கை மறுக்கப்பட்டது என்பன போன்ற வழக்குகளுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. பட்டி வைத்த கதவை எப்படி நிரூபிப்பது? அந்த வண்டியை அன்றாடம் ஓட்டித்தான் பிழைக்க வேண்டியிருப்பதால் விசாரணை நாள்வரை அப்படியே வைத்திருக்க முடிவதில்லை. சரிசெய்துவிட்டாலோ சாட்சியம் போய்விடுகிறது. புகார் வந்த ஒரு வாரத்துக்குள், அந்த வண்டியை முதலில் பார்த்த சர்வேயரைத் தவிர்த்து வேறொருவரை அனுப்பிப் பார்வையிடச் செய்து, அறிக்கையின் நகலை இரு தரப்புக்கும் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் பல புகார்கள் சென்னைவரை போகாமலேயே தீரும்.

என் வண்டியின் இரு எஸ்டிமேட்டுகள், ஒப்புதல் கடிதங்கள், ஜாப் கார்டு, வெயிலில் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகல்களை, நிறுவனத்தின் பெயரையும் பணிமனையின் பெயரையும் மறைத்து, இந்த மடலோடு தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி இதை எழுதாததால் பெயர்கள் தேவைப்படவில்லை. தம்முடைய காகிதங்களையும் தரத் தயாராக இருக்கும் வியாபாரிகள் சிலர் என்னிடம் இருக்கிறார்கள். ஆணையம் கேட்டால் அவர்களின் இசைவோடு அனுப்பிவைக்கிறேன். பதிலை எந்த மொழியில் எழுதினாலும் படித்துக்கொள்வேன். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதை மட்டும் அதில் குறிப்பிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பாலிசிதாரர்